எமிலி டிக்கின்சன் துறவியா?

(காரைக்குடி இலக்கியக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆச்சிமார்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

அறிமுகம் செய்த நண்பர் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனை 'வெள்ளுடை உடுத்திய துறவி' என்றார். முதலில் அவரோடு ஒரு சின்னச் சண்டை போட வேண்டியிருக்கிறது. பட்டினத்தாரைக் கொண்டாடும் சீமை இது. துறவு என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டினத்தார் வீட்டை விட்டுப் போனவர். இந்த அம்மாள் வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்றவர். ரொட்டி சுட்டார், தோட்டம் போட்டார். அவர் எழுதிய கடிதங்களே ஆயிரத்துக்கு மேல் இன்று கிடைக்கின்றன.

1830-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்டில் பிறந்தார். பிறந்த வீட்டிலேயே 1886-இல் இறந்தார். நடுவயதில், வந்தவர்களோடு கதவுக்குப் பின்னால் நின்று பேசும் அளவுக்கு ஒதுங்கிக்கொண்டார். நம் பக்கத்து வீடுகளில் முகப்பில் ஆண்கள் வரவு செலவு பேச, ஆச்சிமார் உள்ளே இரண்டாம் கட்டிலேயே காலத்தைக் கழித்தார்கள். அவர்களைத் துறவி என்று யார் சொன்னார்கள்? எமிலி தானாக விரும்பி ஒதுங்கினார். அதனால்தான் ஊருக்கு அது கதையானது. சரி, கதை போதும்.

எழுதியவை ஏறத்தாழ 1,800 கவிதைகள். உயிரோடிருந்தபோது அச்சானவை பத்துச் சொச்சம், அவையும் பெயர் போடாமல். அவர் இறந்த பிறகுதான், கையால் தைத்த சின்னச் சின்ன ஏடுகளைத் தங்கை லவீனியா கண்டெடுத்தார்.

அவர் எடுத்துக்கொண்ட சந்தம் பெரும்பாலும் தேவாலயத்தில் சேர்ந்து பாடும் பாட்டின் சந்தம். எட்டு அசை, அடுத்த வரி ஆறு அசை. கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர் சந்தத்தை மட்டும் விடவில்லை; அதற்குள் சந்தேகத்தை வைத்தார். கும்மி மெட்டில் ஒப்பாரி வைப்பதுபோல. இயைபும் பல இடங்களில் முழுசாகப் பொருந்தாது, கிட்ட வந்து நழுவிவிடும். வரிகளுக்கு நடுவே கோடுகள். முற்றுப்புள்ளி வைக்க அவருக்கு மனசே வராது.

மரணம்தான் அவர் திரும்பத் திரும்பப் போகும் இடம். ஒரு கவிதையில் சாகக் கிடப்பவரைச் சுற்றி எல்லோரும் அழுது ஓய்ந்து, அரசன் வருவான் என்று காத்திருக்கிறார்கள். வருவது ஓர் ஈ! இன்னொன்றில் அவரை ஏற்றிப்போக மரணமே வண்டி கட்டிக்கொண்டு வருகிறது. நம் எமன் எருமையில், பாசக்கயிற்றோடு வருவான். இவர் மரியாதைப்பட்ட கனவான், அவசரமே இல்லை. பிள்ளைகள் விளையாடும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கதிர் முற்றிய வயலைத் தாண்டி, அந்திச் சூரியனைத் தாண்டிப் போகிறார்கள். அங்கேதான் எமிலி தன் பேச்சைத் தானே திருத்துகிறார்: இல்லை, சூரியன்தான் எங்களைத் தாண்டிப் போனது என்கிறார். பனி இறங்குகிறது, உடுத்தியிருப்பதோ மெல்லிய துணி. சுகமாகப் போய்க்கொண்டிருந்த பயணத்தில் அந்த ஒரு பத்தியில்தான் குளிர் உறைக்கிறது.

1890-இல் முதல் தொகுப்பு வந்தது. பதிப்பித்தவர்கள் மேபல் லூமிஸ் டாட், ஹிக்கின்சன். தலைப்பில்லாத இந்தக் கவிதைக்கு 'ரதம்' என்று ஒரு தலைப்புப் போட்டார்கள். அந்தக் குளிர்ப் பத்தியை அப்படியே எடுத்துவிட்டார்கள். மற்ற கவிதைகளிலும் கோடுகளைக் களைந்து, இயைபைச் செப்பனிட்டார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கவிஞரை உலகம் அறிந்திருக்காது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்தப் பத்தியை நினைத்தால் ஆத்திரம்தான். அவர் எழுதியபடியே முழுக் கவிதைகளையும் தாமஸ் ஜான்சன் பதிப்பித்தது 1955-இல். அதுவரை வாசகர்கள் படித்தது, பெரும்பாலும் தலைவாரிப் பொட்டுவைத்த எமிலியை.

தமிழாக்கம் செய்யப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஜான்சன் பதிப்பையோ, 1998-இல் வந்த ஃபிராங்க்ளின் பதிப்பையோ வைத்துக்கொண்டு செய்யுங்கள். எதுகை மோனை கூடிவருகிறதே என்று சேர்த்துக்கட்டாதீர்கள். கோடு இருக்கும் இடத்தில் கோடு போடுங்கள். அச்சகத்தார் பிழை என்று திருத்த வந்தால் விடாதீர்கள்.