கடிதம் இல்லாத பதினொரு வருடம்

வணக்கம் நேயர்களே. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறவன் நான். ஆளெடுக்கும்போது பட்டத்தைப் பார்ப்பீர்களா, அனுபவத்தைப் பார்ப்பீர்களா என்று நிலையத்தார் கேட்டார்கள். அனுபவம்தான் என்று வாய்வரை வந்தது. ஆனால் விஷயம் அவ்வளவு லேசில்லை.

போன வருடம் கணக்கும் கடன் வசூலும் பார்க்க ஆள் தேடினேன். வந்தவர்களில் ஒருவர் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு, பக்கத்துத் தெருக் கடையொன்றில் பதினொரு வருடம் நின்றவர். இன்னொருவர் முகாமைத்துவம் படித்த பட்டதாரிப் பிள்ளை. இரண்டு பேரிடமும் எங்கள் கடன் கொப்பியைக் கொடுத்தேன்.

கடையில் நின்றவர் ஒரு பெயரில் விரலை வைத்தார். "முதலாளி, இவர் முன்னம் முப்பது நாளில் செக் தந்தவர். இப்ப அறுபது நாள் தள்ளித் திகதி போடுகிறார், சாமானும் கூட எடுக்கிறார். கவனம்." முந்தின கிழமைதான் அந்த ஆளின் செக் ஒன்று திரும்பியிருந்தது!

அந்தப் பிள்ளை கேட்டது வேறு. "சேர், அந்த அறுபது நாளுக்கும் நீங்கள் வங்கிக்குக் கட்டுகிற வட்டி, விலையில் சேர்ந்திருக்கிறதா?" இருபத்தைந்து வருடமாக நான் போட்டுப் பார்க்காத கணக்கு அது. வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை, இன்றைக்கு ரேடியோவில் சொல்கிறேன்.

சரி, தாள்களைப் பார்ப்போம் என்றேன். பிள்ளையிடம் பட்டச் சான்றிதழ் இருந்தது. அவரிடம் ஒரு சேவைக் கடிதம்கூட இல்லை. ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி, தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பு; அதற்கான சட்டம் 1958இலேயே வந்துவிட்டது. சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்டவேண்டும். அவர் பெயரில் ஒரு சதமும் கட்டப்படவில்லை. தாளின்படி அவர் எங்குமே வேலை செய்யாதவர்.

வெல்டிங், மின்னிணைப்பு, சமையல் என்று கைத்தொழிலை வேலையிலேயே பழகியவர்கள் அதைச் செய்து காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். எந்தக் கடைக்காரர் எப்போது கையை விரிப்பார் என்று கணிக்கத் தெரிந்தவர் அதை எங்கே போய்ச் செய்து காட்டுவது? அவருக்கு முதலாளியின் கையெழுத்துத்தான் பட்டம். அனுபவத்தை வாய் நிறையப் புகழுகிற நாங்கள்தான் அதைக் கொடுப்பதில்லை.

இரண்டு பேரையும் எடுத்தேன். ஈ.பி.எஃப் படிவம் நிரப்பும்போது அந்தப் பிள்ளை, "மற்றவர்களுடையதும் இருக்கிறதா, சேர்?" என்றது. என் கடையிலேயே மூன்று பேருக்கு இருக்கவில்லை. அன்றைக்கு மொத்தம் ஐந்து படிவம் நிரப்பினோம்.