கடப்பாரை இறங்கும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

நில அளவைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி இந்த நீலகிரியில்தான், குன்னூர், கோத்தகிரிப் பக்கம். ஓடைக்கும் சதுப்புக்கும் அருகில் வீடோ காட்டேஜோ கட்ட வரும் விண்ணப்பங்களை உள்ளூரில் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படிப் பார்த்தால் தேவலாம் என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். சட்டம் பேச வக்கீல்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது காலில் சேறு பட்ட கதைதான்.

ஒரு மாசி மாதம், ஒரு ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்குக் கீழே உள்ள பள்ளத்தில், ஒரு பட்டாவை உட்பிரிவு செய்ய அளக்கப் போனோம். உறைபனி அடித்து மேட்டுப் புல்லெல்லாம் கருகிக் காவி நிறத்தில் கிடந்தது. பள்ளத்தில் மட்டும் கோரையும் புல்லும் கொத்துக் கொத்தாக நின்றன. நடந்தால் கால் நனையவில்லை. அளவுக்கல் நடக் குழி எடுக்கலாம் என்று, அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் கடப்பாரையை ஓங்கி ஒரு குத்து குத்தினார். அது இரண்டடி உள்ளே போய்விட்டது. அவரே தடுமாறிப் போனார். இழுத்தபோது 'சளக்' என்று ஒரு சத்தம். முனையில் கரிய மண். விரலில் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கியது, பழைய எருக்குழி வாசம் அடித்தது. அவர் ஒரு பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் குழியில் தண்ணீர் ஊறி நின்றுவிட்டது.

மேலே தேயிலை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அங்க கல்லு நிக்காது சார். ஐப்பசியில வந்து பாருங்க, மாடு இறங்குனா வயிறு வரைக்கும் போகும்" என்றார்.

நான் என்ன செய்தேன்? குழியில் ஜல்லி கொட்டி இறுக்கிக் கல்லை நட்டோம். புலப்படத்தில் கோடு போட்டேன். ஏட்டில் அது புஞ்சை. நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்றெல்லாம் எழுத எங்களுக்கு இடம் உண்டு. பட்டாவுக்குள் இருக்கும் சதுப்பை 'சதுப்பு' என்று எழுத இடம் கிடையாது. ஆக, அந்த அம்மாவுக்குத் தெரிந்த விஷயம் அரசாங்கக் காகிதத்தில் ஏறவில்லை. ஏற்றாமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

இந்தக் கரிய மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. புல்லும் கோரையும் மட்கியும் மட்காமலும் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது இது. நீலகிரிச் சதுப்புகளில் இந்த மண்ணைத் தோண்டி எடுத்து, இருபதாயிரம் வருடத்துக்கு முன் இங்கே மழை எப்படி இருந்தது, புல் எப்படி இருந்தது என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். 1993-ல் அந்த ஆய்வு வெளியானது. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் புல் வளர்வதும் இத்தகைய ஈர நிலத்தில்தான். மழைக்காலத்தில் குடித்த தண்ணீரைச் சதுப்பு சித்திரையில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். ஊட்டியில் சீசன் களைகட்டி, ஹோட்டல்காரர்கள் லாரித் தண்ணீருக்குப் போன் போடுகிற அதே நேரத்தில்.

சரி, அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். பெரிய கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை இருக்கிறது. எவ்வளவு பெரிய கட்டடம்? 20,000 சதுர மீட்டருக்கு மேல். நம் கணக்கில் இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் சதுர அடி! மலையில் யார் அவ்வளவு கட்டப்போகிறார்கள்? இங்கே வருவதெல்லாம் ஆயிரம், இரண்டாயிரம், ஐயாயிரம் சதுர அடி. ஆகவே டெல்லியும் பார்க்காது, சென்னையில் இருக்கும் மதிப்பீட்டுக் குழுவும் பார்க்காது. மலையில் ஓடைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் நிற்பது உள்ளூர்ப் பரிசீலனை ஒன்றுதான்.

உள்ளூரில் விதி இல்லாமல் இல்லை. 1990-ல் மலைப்பகுதிகளைக் காக்க ஒரு ஆணையத்தை மாநில அரசு அமைத்தது, 'ஹாகா' என்று சொல்வார்களே, அதுதான். 1993-ல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன. உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டடத்தின் வடிவமைப்பையும் அழகையும் பார்க்க, கலெக்டர் தலைமையில் 'ட்ரிபிள் ஏ' கமிட்டி இருக்கிறது. வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாம் தடையில்லாச் சான்று தரவேண்டும். விண்ணப்பம் போட்டவர்களைக் கேட்டால் அழுதே விடுவார்கள், அத்தனை கையெழுத்து. ஐந்து சென்ட் இடமும் ஒரு கூட்டுறவுக் கடனும் மட்டுமே வைத்திருப்பவர் இந்தக் கையெழுத்துகளுக்கு அலைந்து ஓய்ந்துபோகிறார். வசதி உள்ளவர் அதற்கென்று ஒரு ஆளை வைத்துக்கொள்கிறார். இது எனக்கு எப்போதுமே உறுத்தலாக இருந்தது.

ஆனால் இத்தனை கையெழுத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எல்லோரும் பார்ப்பது காகிதத்தில் உள்ள நிலத்தை. காகிதத்தில் சதுப்பு இல்லை என்று முன்பே சொன்னேன்.

'ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றனவே' என்று கேட்பீர்கள். 2017-ல் வந்த விதிகள் உண்டு. அவற்றின்படி, பாதுகாக்கப்பட்ட ஈரநிலத்தில் அந்த விதிகள் வருவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் வெள்ளம் தொட்ட சராசரி உயரத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர வேறு நிரந்தரக் கட்டடம் கூடாது. நல்ல விதி. ஆனால் அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களுக்கும், உலக அளவில் முக்கியமானவை என்று பட்டியலிட்ட ராம்சர் தலங்களுக்கும்தான் அது செல்லும். ஆற்றுப் படுகையை அந்த விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. குடிநீருக்கோ பாசனத்துக்கோ மனிதன் வெட்டிய குளத்தையும் விலக்கிவிட்டார்கள்.

கோத்தகிரி லாங்வுட் சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். 116 ஹெக்டேர் சோலைக்காடு. சுற்று வட்டார ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக அறிவித்தார்கள், நமக்கெல்லாம் பெருமை. சோலைக்குள் யாரும் கை வைக்க முடியாது. ஒரு ஈரநிலத்தைச் சுற்றியுள்ள நீர்ப்பிடிப்பில் நடக்கும் வேலை அந்த ஈரநிலத்தைக் கெடுக்குமானால் அந்தப் பகுதியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2017 விதிகளிலேயே இருக்கிறது. அதற்குத் 'தாக்கப் பகுதி' என்று பெயர். ஆனால் இப்படி ஒரு சோலையை விட்டு வெளியே வந்து, நான்கு தேயிலைத் தோட்டம் தாண்டி, ஒரு வீட்டுக் கொல்லை வழியாக ஓடுகிற இரண்டடி அகல ஓடைக்கு யார் காவல்? அந்த ஓடையைப் பார்த்து எழுதவேண்டியவர் அந்த ஊர் வி.ஏ.ஓ.வும் சர்வேயரும் ஊராட்சி இன்ஜினியரும்தான்.

ஒரு சதுப்பு எப்படி மனை ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் ஆவதில்லை. முதலில் நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள், தண்ணீர் வடியட்டும் என்று. ஓரத்தில் கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில்) வைப்பார்கள், அது மிச்சத்தை உறிஞ்சும். அப்புறம் கேரட் போடுவார்கள். அருமையாக விளையும், கரிமண் அல்லவா! சில வருடம் கழித்துத் தோட்டம் கட்டுப்படியாகவில்லை என்று விற்பார்கள். வாங்கியவர் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பி, ஒரு தடுப்புச்சுவர் எழுப்பி, ப்ளான் போட வருவார். அந்த நேரத்தில் போய்ப் பார்க்கும் அதிகாரி கண்ணுக்கு அது சமமான, காய்ந்த, நல்ல மனை. ஒவ்வொரு கட்டத்திலும் காகிதம் சரியாகத்தான் இருக்கும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீருக்கு மட்டும் அந்தக் காகிதம் எதுவும் தெரியாது.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வாரம் மாவட்டம் முழுக்கச் சரிவு. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரு நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல். அவ்வளவு மழைக்கு எந்த மலையும் கொஞ்சம் சரியத்தான் செய்யும், அதை மறைப்பானேன். ஆனால் 2009-க்குப் பிறகு அளவை வேலைக்காகப் போன இடங்களில் நான் கண்டது ஒன்று உண்டு. தண்ணீர் போன பழைய தடத்தில் யாரோ மண் நிரப்பியிருப்பார்கள். சுவரில் நீர் வடிய விட்ட துளைகளைப் பூச்சு வேலைக்காரர், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று, சிமென்ட் வைத்து அடைத்திருப்பார். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஏறி ஏறி, சுவரோடு எல்லாம் கீழ் வீட்டின் மேல் வந்து விழுந்திருக்கும்.

என் மருமகன் வேலை நிமித்தமாக அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறான். அங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாதுகாப்புக் குழு. மூன்று முதல் ஏழு பேர், சம்பளம் கிடையாது, எல்லாம் ஊர்க்காரர்கள். ஈரநிலத்திலிருந்து 100 அடிக்குள் மண்ணைத் தொடுவதானாலும் அவர்களிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆற்றோரம் என்றால் பெரும்பாலான ஊர்களில் 200 அடி. பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே தகவல் போகும். 21 நாளுக்குள் பொது விசாரணை வைப்பார்கள். யாரும் எழுந்து பேசலாம். எனக்குப் பிடித்தது வேறொன்று. ஈரநிலத்தின் எல்லையைத் தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. என்ன செடி வளர்ந்திருக்கிறது, மண் என்ன நிறம் என்று பார்த்துக் கொடி நட்டுக்கொண்டே போகிறார்கள். கோடையில் காய்ந்து கிடந்தாலும் ஈரநிலம் ஈரநிலம்தான். அவன் அனுப்பிய படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செயின்மேன் கடப்பாரைதான் ஞாபகம் வந்தது. அந்த மாநிலத்து விதியை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கே நிலம் சமம், இங்கே செங்குத்து. 100 அடி என்பது நம் சரிவில் சில இடத்தில் பத்தாது, ஐந்து சென்ட்காரருக்கோ மனை முழுவதுமே போய்விடும்.

ஆனால் இரண்டு விஷயம் செலவில்லாமல் செய்யலாம். ஒன்று, மழையில் போய்ப் பாருங்கள். ப்ளான் அனுமதிக்குத் தல ஆய்வு பெரும்பாலும் வெயில் காயும்போதே நடக்கிறது. ஜீப் போகவேண்டும், ஷூ நனையக்கூடாது, அட்டை கடிக்கக்கூடாது. நானும் அப்படித்தான் இருந்தேன். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஆடி மழை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை. ஓடைக்கோ பள்ளத்துக்கோ அருகில் உள்ள மனை என்றால் அந்தந்தப் பக்கத்து மழை மாதத்தில் ஒரு முறை பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று வைத்தால், விண்ணப்பதாரர் அதிகபட்சம் சில மாதம் காத்திருப்பார். அவர் வீட்டுக்கும் அது நல்லதுதானே?

இன்னொன்று, மனையில் நின்று பார்ப்பதோடு விடாமல் கீழே இறங்கிப் போய் நில்லுங்கள். ப்ளானில் கட்டடம் இருக்கும், கார் நிறுத்தும் இடம் இருக்கும். வெட்டிய மண் எங்கே போகும் என்று இருக்காது. பொக்லைன் ஓட்டுபவர் அதை எங்கே தள்ளுவார்? பக்கத்துப் பள்ளத்தில். செப்டிக் டேங்க் எங்கே? மனையின் தாழ்ந்த மூலையில், அதாவது ஓடைக்கு மிக அருகில். கூரைத் தண்ணீர் எங்கே விழும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கீழ் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, அவரைத்தான் யாரும் கேட்பதில்லை. இதே ஓடையில் மேலே எட்டு காட்டேஜுக்கு அனுமதி போயிருக்கலாம். எட்டும் எட்டு ஃபைல். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. ஓடை ஒன்றுதான் என்பது எந்த ஃபைலிலும் வராது.

ஊர்க்காரர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. கிராமசபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அதில் நவம்பர் 1 நல்ல மழை நேரத்தில் வருகிறது. நம் ஊர் ஓடைகளின் பெயரையும், எது எந்தப் பட்டா வழியாகப் போகிறது என்பதையும் தீர்மானமாகவே எழுதி வைக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் ப்ளான் நகல் கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான்.

போன ஐப்பசியில் ப்ளான் பார்க்கும் வேலையில் இருக்கும் ஒரு இளம் இன்ஜினியர் போன் செய்தார். "ஐயா, ஒரு சைட்டு இருக்கு, படத்துல ஓடை இல்ல, எனக்குச் சந்தேகமா இருக்கு, கொஞ்சம் வர முடியுமா?" என்றார். அந்தப் பெண் பிள்ளைக்கு என்னை விட முப்பது வயது குறைவு. என்னை விட முப்பது வருடம் முன்னதாகவே சந்தேகமும் வந்திருக்கிறது. குடை பிடித்துக்கொண்டு போனோம். சைட்டுக்காரரும் வந்திருந்தார், பாவம், வெள்ளைப் பேன்ட். நான் வீட்டிலிருந்து கடப்பாரையை எடுத்துப் போயிருந்தேன். குத்தச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தேன். முதல் குத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அரை மணி நேரம் அங்கேயே நின்று, சைக்கிள் டியூப் கிழிந்தது மாதிரி மேட்டிலிருந்து நாலு இடத்தில் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்தோம். எனக்கு மூன்று அட்டைக் கடி.

வீடு ப்ளானில் நாற்பது அடி மேலே ஏறியிருக்கிறது. செப்டிக் டேங்க் எங்கே என்பதுதான் இன்னும் பேச்சில் இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் மறுபடி போகிறோம்.

நன்றி, வணக்கம்.