செல்லுக்கும் உண்டு தொட்டில் பழக்கம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மருத்துவப் பெருமக்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பேராசிரியப் பெருந்தகையே, கதவோரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, வணக்கம். சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த அமைப்பாளர்களுக்குத் தனி வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். நுரையீரல் செல்கள் எப்படி வெவ்வேறாகின்றன, அந்த ஒழுங்கு எப்படிக் கெடுகிறது, கெட்டதைத் திருத்த என்ன மருந்து.

மூச்சுக்குழாயில் ஒரு செல் சளி சுரக்கிறது; பக்கத்துச் செல் நுண்மயிர்களை அசைத்து அதை மேலே தள்ளுகிறது. காற்றுப்பையில் ஒன்று தட்டையாகப் படர்ந்து ஆக்சிஜனை உள்ளே விடுகிறது. இன்னொன்று பை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் சர்ஃபாக்டன்ட் சுரக்கிறது. எல்லாவற்றுக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். எந்த மரபணு பேசலாம், எது வாய்மூட வேண்டும் என்பதில் டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகளுக்கும், டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் குறிகளுக்கும் பெரும் பங்கு. செல் பிரியும்போது இவற்றில் பல அடுத்த தலைமுறைச் செல்லுக்கும் போகின்றன. இந்தத் துறைக்கு இன்று வழங்கும் ‘எபிஜெனடிக்ஸ்’ என்ற சொல்லை 1942-இல் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் தந்தார். என் பாட்டிக்கு அது தேவைப்படவில்லை: தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்!

இரண்டாவது செய்திக்கு என் மாமாவைக் கூப்பிட வேண்டும். மனிதர் பிள்ளைப்பாசம் மிக்கவர். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதென்று ஜன்னலில் தலையை நீட்டித்தான் சிகரெட் பிடிப்பார். மழை பெய்தால் ஒரு கையில் குடை. “பாரு, ஒரு துளி புகைகூட உள்ளே வரலை” என்பார். அத்தை ஒருநாள் சொன்னாள்: “நீங்க ஜன்னலைப் பார்த்து ஊதறீங்க. ஜன்னல் எங்களைப் பார்த்து ஊதுது.” அன்றைக்குக் குடை மடங்கியது, சிகரெட் மடங்க இன்னும் நாலு வருஷம்.

சிரிக்கிறீர்கள். கர்ப்பகாலத்தில் தாய் புகைத்தால் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலேயே மெத்தில் குறிகள் மாறியிருக்கின்றன. தொட்டிலுக்கும் முந்தைய பழக்கம் அது! நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் ஹிஸ்டோன் குறிகளில் ஒருவகையை நீக்கும் எச்டிஏசி2 என்ற நொதி குறைந்துபோகிறது. ஸ்டீராய்டு சரியாக எடுபடாததற்கு அது ஒரு காரணம். புகைப்பவர்களின் சளியில், புற்றுநோய் தெரியவரும் முன்பே, பி16 என்ற காவல் மரபணு மெத்தில் குறியால் வாயடைக்கப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் புகையை விட்டவர்களின் இரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் புகையால் இறங்கியிருந்த மெத்தில் அளவு ஆண்டுகள் போகப்போக மேலேறி, புகைக்காதவர்களின் அளவை நெருங்குகிறது. சில குறிகள் மட்டும் பல்லாண்டு தங்கிவிடுகின்றன. ‘சுடுகாடு மட்டும்’ என்ற இரண்டு சொல்லில் எனக்குச் சந்தேகம் வந்த இடம் இதுதான்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மருந்துச் செய்தி இன்னொரு மேடைக்கு. ‘புகையில்லா வீடு’ உறுதிமொழிப் படிவம் வாசலில் இருக்கிறது. பேனா இல்லை என்று யாரும் நழுவ முடியாது, என் பையில் நாற்பது பேனா வைத்திருக்கிறேன்.