யாங்கீஸுக்கு ரன்னே இல்லை: 1955 அக்டோபர் 4

நேயர்களுக்கு வணக்கம். பேஸ்பாலில் எதிரணிக்கு ஒரு ரன்கூட விடாமல் ஜெயித்தால் அதை ஷட்அவுட் என்பார்கள். முழு ஆட்டத்தையும் ஒருவரே வீசியிருந்தால் அந்தப் பெருமை அவர் பெயரில் ஏறிவிடும். ஆனால் ஓர் ஆட்டத்தை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், அதில் எத்தனை பேர் கை இருக்கிறது என்பது புரியும்.

நியூயார்க், யாங்கி ஸ்டேடியம். 62,465 பேர் கூட்டம். அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்தாயிற்று, இது ஏழாவது, கடைசி ஆட்டம். டாட்ஜர்ஸ் அதற்கு முன் ஏழு முறை உலகத் தொடருக்கு வந்து ஏழு முறையும் தோற்றவர்கள். அதில் ஐந்து தோல்வி இதே யாங்கீஸிடம். டாட்ஜர்ஸுக்குப் பந்து வீசியவர் ஜானி போட்ரஸ். இடதுகைக்காரர், வயது 23. அந்த சீசனில் 9 வெற்றி, 10 தோல்வி.

டாட்ஜர்ஸின் இரண்டு ரன்னுக்கும் காரணம் கில் ஹாட்ஜஸ். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் நான்காவது இன்னிங்ஸில் ஒன்று, ஆறாவதில் ஒன்று. அதோடு விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அதே ஆறாவதில் இன்னொரு ரன்னுக்கு ஆசைப்பட்ட மேனேஜர் வால்டர் ஆல்ஸ்டன், டான் ஜிம்மருக்குப் பதிலாக ஜார்ஜ் ஷூபாவை மட்டை பிடிக்க அனுப்பினார். ரன் வரவில்லை. பேஸ்பாலில் வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப முடியாது. பேஸ் என்பது ரன் எடுக்க ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய இடம். ஜிம்மர் போய்விட்டதால் அவர் நின்ற இரண்டாவது பேஸுக்கு, இடது ஃபீல்டில் இருந்த ஜிம் கில்லியம் வந்தார். காலியான இடது ஃபீல்டுக்குப் போனவர் கியூபாக்காரர் சாண்டி அமோரோஸ். இந்த மாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆறாவதில் யாங்கீஸின் முறை. பில்லி மார்ட்டின் இரண்டாவது பேஸில், கில் மெக்டூகால்ட் முதல் பேஸில், ஒருவரும் அவுட் இல்லை. மட்டையோடு வந்தவர் யோகி பெர்ரா. அவர் இடதுகை ஆட்டக்காரர், பந்தை வலப்பக்கம் இழுத்து அடிப்பார் என்று ஃபீல்டர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் நகர்ந்து நின்றார்கள். அவரோ எதிர்ப்பக்கம், இடது கோட்டோரமாகத் தூக்கி அடித்துவிட்டார். பந்து விழத்தான் போகிறது என்று மெக்டூகால்ட் இரண்டாவது பேஸையும் தாண்டி ஓடிவிட்டார். அமோரோஸ் வெகுதூரம் ஓடிவந்து, கோட்டுக்குப் பக்கத்தில் கையை முழுக்க நீட்டிப் பிடித்தார்.

எந்தக் கை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் ஓடியது தன் வலப்பக்கமாக. இடது கையால் எறிகிறவர் என்பதால் கையுறை வலது கையில். நேரே நீட்டினால் போதும். கில்லியம் அங்கேயே இருந்திருந்தால் கையுறை இடது கையில். உடம்பைக் குறுக்கே வளைத்து எட்ட வேண்டும், அந்த வேகத்தில் எட்டியிருக்காது என்றே நினைக்கிறேன். ரன் கிடைக்காத ஒரு மாற்றம்தான் அந்தக் கையுறையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

பிடித்த பந்தை அமோரோஸ் உடனே ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கிற ஃபீல்டர், பீ வீ ரீஸுக்கு எறிந்தார். ரீஸ் முதல் பேஸில் நின்ற ஹாட்ஜஸுக்கு. கேட்ச் ஆனால் ஓடியவர் தன் பேஸுக்குத் திரும்பியாக வேண்டும். பந்து வந்து சேர்வதற்குள் மெக்டூகால்ட் திரும்பவில்லை. ஒரே அடியில் இரண்டு அவுட்.

போட்ரஸ் யாங்கீஸுக்கு எட்டு ஹிட் கொடுத்தார், அதாவது எட்டு முறை அடித்துவிட்டு பத்திரமாக பேஸுக்குப் போய்விட்டார்கள். எட்டு! எட்டாவது இன்னிங்ஸில் ஃபில் ரிசுடோ மூன்றாவது பேஸ்வரை வந்துவிட்டார். பெர்ரா அடித்தது வலது ஃபீல்டில் கார்ல் ஃபுரில்லோ கைக்குள் விழுந்தது. பந்து அதிகத் தூரம் போகாமலே பிடிபட்டதால், ரன் எடுக்க ரிசுடோ ஓடவில்லை. அடுத்து வந்த ஹாங்க் பாயரைப் போட்ரஸ் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆக்கினார்.

போட்ரஸின் சேஞ்ச்அப் பந்தைப் பற்றி விரிவாகச் சொல்லலாம் என்றிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. கையசைவெல்லாம் வேகப்பந்துக்கு உள்ளதுதான், பந்து மட்டும் மெதுவாக வரும், மட்டை முந்திவிடும். ஒன்பதாவதில் கடைசி ஆள் எல்ஸ்டன் ஹோவார்ட் வேகப்பந்துகளை வரிசையாக ஃபௌல், அதாவது கோட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டிருந்தார். மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் ராய் காம்பனெல்லா இன்னொரு வேகப்பந்து கேட்டார். போட்ரஸ் தலையாட்டி மறுத்து, சேஞ்ச்அப் வீசினார். பந்து தரையோடு உருண்டு ரீஸிடம் போனது, ரீஸ் ஹாட்ஜஸிடம் எறிந்தார். டாட்ஜர்ஸ் 2, யாங்கீஸ் 0. நன்றி, வணக்கம்.