பைலாவை சஸ்பெண்ட் செய்ய முடியுமா?

சரி, அடுத்த கேள்வி. அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர் அனுப்பியிருக்கிறார். அவர்கள் பைலாவில், அதாவது சங்கத்தின் அடிப்படை விதிகளில், ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது, தேர்தல் ரகசிய வாக்கெடுப்பாக நடக்க வேண்டும் என்று இருக்கிறதாம். இந்த வருடப் பொதுக்குழுவில் தலைவர் பதவிக்கு நிற்க யாரும் முன்வரவில்லை. உடனே ஒருவர் எழுந்து, "கூட்டம் நடத்தும் முறையைச் சொல்லும் ராபர்ட்ஸ் ரூல்ஸ் புத்தகத்தில் விதிகளை சஸ்பெண்ட் செய்ய, அதாவது நிறுத்திவைக்க, வழி இருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் போதும், பழையவரே தொடரட்டும்" என்று சொல்ல, 62 கை ஆதரவு, 20 கை எதிர்ப்பு. இது செல்லுமா என்று கேட்கிறார்.

செல்லாது. ஆனால் அந்த மனிதர் முழுப் பொய்யும் சொல்லவில்லை, பாதியைப் படித்துவிட்டு வந்திருக்கிறார், அதுதான் வம்பு.

அந்தப் புத்தகத்தை எழுதிய ராபர்ட் அமெரிக்க ராணுவத்தில் பொறியாளர். 1863இல் ஒரு சர்ச் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி, கூட்டத்தை நடத்தத் தெரியாமல் திண்டாடி, அந்த அவமானத்தில் படிக்க ஆரம்பித்து 1876இல் புத்தகம் போட்டார். நம் சங்கக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அவர் மேல் தனிப் பாசமே வரும்.

அந்த முறையில் விதியை நிறுத்திவைப்பது எதற்கு என்றால், கூட்டம் நடக்கும் ஒழுங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்த. அஜெண்டாவில் ஏழாவதாகக் கட்டட நிதி இருக்கிறது, விவரம் தெரிந்தவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது, அதை இப்போதே எடுக்க வேண்டும். ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், அதன் மேல் விவாதம் கிடையாது, திருத்தமும் கிடையாது, நேராக ஓட்டு. மூன்றில் இரண்டு பங்கு என்பது ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் இல்லை, ஓட்டுப் போட்டவர்களில். 90 பேர் இருந்து 60 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள் என்றால் 40 போதும். யாருக்கும் ஆட்சேபனை இல்லையே என்று தலைவர் கேட்டு, எல்லோரும் சும்மா இருந்தால் ஓட்டே வேண்டாம். டிவியில் ராஜ்ய சபா விதி 267 என்று கேட்டிருப்பீர்கள், அதுவும் விதியை நிறுத்திவைப்பதற்குத்தான், ஆனால் அங்கே அவைத் தலைவர் சம்மதித்தால்தான் முன்மொழியவே முடியும், இங்கே அந்தத் தடை இல்லை.

பைலா வேறு. அது உறுப்பினர்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் மாதிரி. தன்னை நிறுத்திவைக்கலாம் என்று பைலாவே சொன்னால் ஒழிய, இல்லை அந்த வரி வெறும் கூட்ட ஒழுங்கு பற்றியதாக இருந்தால் ஒழிய, அதைத் தொட முடியாது. ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் கை தூக்கினாலும் முடியாது. ஏன் என்றால் அன்று வராதவர்கள் இருக்கிறார்களே! இரண்டு முறைக்கு மேல் கிடையாது என்று நம்பித்தான் ஒருவர் வீட்டில் இருந்திருப்பார், அவர் உரிமையை நீங்கள் எப்படி விட்டுக்கொடுக்க முடியும்? கோரம் (கூட்டம் நடக்க இத்தனை பேராவது வர வேண்டும் என்ற கணக்கு), முன்கூட்டி நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் இதே கதைதான்.

ரகசிய வாக்கெடுப்பு இன்னும் சுவாரசியமானது. அதைக் கைவிடலாமா என்று கை தூக்கச் சொன்னால், கைவிடக் கூடாது என்று கை தூக்குபவர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும், அப்புறம் ரகசியம் எங்கே இருக்கிறது?

இப்போது என்ன செய்வது? பைலாவுக்கு முரணாக நடந்த தேர்தல் என்பதால், கூட்டம் முடிந்துவிட்டது, காலம் கடந்துவிட்டது என்று யாரும் உங்கள் வாயை அடைக்க முடியாது. அடுத்த பொதுக்குழுவில் ஒழுங்குப் பிரச்சினை எழுப்புங்கள், அதாவது விதி மீறப்பட்டிருக்கிறது என்று எழுந்து சொல்லுங்கள். தலைவர் தள்ளிவிட்டால் அவர் முடிவை எதிர்த்து முறையீடு செய்யலாம், வழிமொழிய ஒருவர் வேண்டும், பெரும்பான்மை எதிர்த்தால்தான் அவர் முடிவு விழும், சமமாக வந்தால் தலைவர் சொன்னதே நிற்கும். அதனால் முதலிலேயே நாலு பேரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை வரம்பே வேண்டாம் என்று நினைப்பவர்கள், நோட்டீஸ் கொடுத்து பைலாவைத் திருத்தட்டும், யார் தடுத்தது?

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் உங்கள் பைலாவில் இரண்டு இடத்தைப் பாருங்கள். ராபர்ட்ஸ் ரூல்ஸ்படி நடப்போம் என்று ஒரு வரி இருக்கிறதா? அப்புறம், பதவிக்காலம் பற்றிய வரியில் "அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை" என்று இருக்கிறதா? இருந்தால், யாரும் நிற்காத வருடத்தில் பழையவர் அந்த வரியின்படியே தற்காலிகமாகத் தொடர்ந்திருக்கலாம், இந்தக் கை தூக்கும் வேலையே தேவைப்பட்டிருக்காது.