ஏழு நாள் ஓடிய படம்

வணக்கம் நேயர்களே.

கென்யா நாட்டு சினிமாவைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கென்யா என்றதும் உங்களில் சிலருக்கு லுபிடா நியோங்கோவின் முகம் நினைவுக்கு வரும். 2014இல் ஆஸ்கர் வாங்கியவர். ஆனால் அது ஓர் அமெரிக்கப் படத்துக்காக. நான் சொல்ல வந்தது நைரோபியிலேயே படமெடுத்து, நைரோபியிலேயே நடித்து, கைதட்டலை மட்டும் வெளியூரில் வாங்கியவர்களைப் பற்றி.

நைரோபியின் நடுவே ரிவர் ரோடு என்று ஒரு தெரு. எப்போதும் நெரிசல். அங்கே சின்னச் சின்னக் கடைகளில் உள்ளூர்ப் படங்களின் சிடி, டிவிடி விற்றுவந்தார்கள். பல படங்கள் கிகுயு மொழி நகைச்சுவை. சொற்பச் செலவில் எடுத்து, வட்டில் பதிந்து, தியேட்டர் பக்கமே போகாமல் நேரே கடைக்கு. அந்தத் தெருவின் பெயரால் இந்தத் தொழிலுக்கு ரிவர்வுட் என்று பெயர் விழுந்தது. விற்றால் அடுத்த படம், விற்காவிட்டால் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. 2009இல் அரசின் திரைப்பட ஆணையம் கலாஷா விருதுகளைத் தொடங்கியது. சினிமா, தொலைக்காட்சி இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் 2012இல் வந்தது 'நைரோபி ஹாஃப் லைஃப்'. இயக்கியவர் டேவிட் டோஷ் கிடோங்கா. கதாநாயகன் முவாஸ், கிராமத்துப் பையன். சண்டைப் படங்களின் டிவிடி விற்பான். எப்படி விற்பான் தெரியுமா? படத்தில் வரும் காட்சியைத் தெருவிலேயே நடித்துக் காட்டுவான். நடிகனாகப் போகிறேன் என்று நைரோபிக்குப் பஸ் ஏறுகிறான். இறங்கின கையோடு கையில் இருந்ததெல்லாம் திருட்டுப் போகிறது. கடைசியில் ஒரு போலீஸ் அறைக்குள் கிடக்கிறான். அங்கே கூட இருப்பவர்கள் நாறிக் கிடக்கும் கழிப்பறையைக் கழுவச் சொல்கிறார்கள். அழுது தீர்க்க வேண்டிய இடத்தில் இந்தப் பையன் அதையும் ஒரு நாடகமாக்கிவிடுகிறான் பாருங்கள், அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். முவாஸாக நடித்த ஜோசப் வைரிமுவுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது. கென்யா ஆஸ்கருக்கு அனுப்பிய முதல் படமும் இதுதான். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இதன் பின்னால் ஜெர்மன் இயக்குநர் டாம் டிக்வரின் நிறுவனம் நடத்திய பயிற்சிப் பட்டறை இருக்கிறது. ரிவர் ரோட்டுக் காசில் இந்தப் படம் வந்திருக்காது.

சரி, தலைப்பில் சொன்ன ஏழு நாள் கதைக்கு வருகிறேன்.

வனூரி கஹியு என்ற இயக்குநர். 1998இல் நைரோபியில் அமெரிக்கத் தூதரகத்தில் குண்டு வெடித்தது அல்லவா, அதை வைத்து ஒரு படம் எடுத்து ஆப்பிரிக்க அளவில் விருதுகள் வாங்கியவர். தண்ணீருக்கே போர் நடந்து முடிந்த ஓர் எதிர்கால ஆப்பிரிக்காவைக் காட்டி 'பும்சி' என்ற குறும்படமும் எடுத்தார். 2018இல் அவருடைய 'ரஃபீகி' தயார். சுவாஹிலியில் ரஃபீகி என்றால் நண்பர், தோழி. உகாண்டா எழுத்தாளர் மோனிகா அராக் டி ந்யெகோவின் சிறுகதை ஒன்றிலிருந்து எடுத்த படம். இரண்டு இளம் பெண்கள், கேனா, சிக்கி. இருவரின் அப்பாக்களும் உள்ளூர்த் தேர்தலில் ஒருவரை எதிர்த்து ஒருவர் நிற்கிறார்கள். பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காதலிக்கிறார்கள்.

கென்யாவின் தண்டனைச் சட்டத்தில் பிரிட்டிஷ் காலத்துப் பிரிவு ஒன்று இருக்கிறது. ஒரே பாலினத்தவரின் உறவுக்கு 14 ஆண்டுவரை சிறை. அந்தச் சட்டத்தைக் காட்டித் தணிக்கை வாரியம் படத்தைத் தடை செய்தது. அதற்கு முன்பு இயக்குநரிடம் படத்தின் முடிவை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். முடிவில் நம்பிக்கை அதிகமாக இருக்கிறதாம்! அந்தப் பெண்கள் செய்ததற்கு வருந்த வேண்டுமாம். கஹியு மறுத்துவிட்டார். அடுத்த மாதமே படம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. அங்கே தேர்வான முதல் கென்யப் படம் அதுதான்.

அப்போது ஆஸ்கருக்கு ஒரு விதி இருந்தது. வெளிநாட்டுப் படம் என்றால் சொந்த நாட்டுத் தியேட்டரில் ஏழு நாள் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். தடை செய்த படத்தை எங்கே ஓட்டுவது? கஹியு உயர் நீதிமன்றம் போனார். 2018 செப்டம்பரில் நீதிபதி வில்ஃப்ரிடா ஒக்வானி ஏழு நாளுக்குத் தடையை நிறுத்திவைத்தார், பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று. இப்படி ஒரு படத்தைப் பார்த்தே அடித்தளம் ஆடிப்போகும் அளவுக்குக் கென்யச் சமூகம் பலவீனமானது என்று தனக்குத் தோன்றவில்லை என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார்.

நைரோபியின் பிரெஸ்டீஜ் தியேட்டரில் படம் போட்டார்கள். டிக்கெட் தீர்ந்தது. காட்சிகளைக் கூட்டினார்கள், அதுவும் தீர்ந்தது. மொம்பாசாவிலும் கிசுமுவிலும்கூட ஓடியது. ஏழாம் நாளோடு தடை திரும்பிவிட்டது.

இவ்வளவு பாடுபட்டும் அந்த ஆண்டு ஆஸ்கருக்குப் போனது ரஃபீகி அல்ல. கென்யாவின் தேர்வுக் குழு லிகாரியன் வைனைனாவின் 'சுபா மோடோ'வை அனுப்பியது. இங்கே தேர்வுக் குழுவை வில்லனாக்கிவிட்டால் கதை சுவையாக இருக்கும், ஆனால் என் மனசு ஒப்பவில்லை. சுபா மோடோவும் நல்ல படம். சாகப்போகிற ஒரு சின்னப் பெண், ஜோ. சூப்பர் ஹீரோ ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஊரே கூடி அவளை வைத்து ஒரு சினிமா எடுக்கிறது. ஜோவாக ஸ்டைசி வவேரு என்ற சிறுமி. அனுதாபத்தைக் கேட்டு வாங்காமல் நடித்திருக்கிறாள். எனக்கு என்னவோ, ரிவர்வுட்டைப் பற்றியே ஒரு படம் பார்த்த மாதிரி இருந்தது. கையில் இருக்கிற துணி, கயிறு, ஒரு கேமரா, அக்கம்பக்கத்து ஆட்கள்.

ரஃபீகியில் கேனாவாக நடித்தவர் சமந்தா முகட்சியா. அதற்கு முன்பு சினிமாவில் நடித்தவர் அல்ல, டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். பார்வையில் பட்டதும் கஹியு அவரைத் தேர்ந்தெடுத்தார். படத்தில் அவர் பேசுவது குறைவு. தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பதிலேயே பாதி சொல்லிவிடுவார். 2019இல் புர்கினா ஃபாசோவின் வாகடூகு நகரில் ஆப்பிரிக்காவின் பெரிய திரைப்பட விழா ஃபெஸ்பாக்கோ தன் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடியது. சிறந்த நடிகை விருது சமந்தாவுக்கு. அந்த நாளில் நைரோபியில் எந்தத் தியேட்டரிலும் அவருடைய படத்தைப் போட முடியாது.

நன்றி, வணக்கம்.