களிமண் மேல் ஓர் ஊர்

வணக்கம் நண்பர்களே. இன்று நான் பேசப்போவது இத்தாலியில் ஒரு கையளவு ஊரைப் பற்றி. பெயர் சிவிட்டா டி பான்யோரேஜோ. ரோமுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால், பள்ளத்தாக்குக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு பாறையின் தலையில் அந்த ஊர் இருக்கிறது. உள்ளே போக ஒரு நடைபாலம்தான் வழி, அதுவும் 1965-இல் கட்டியது. ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருப்பவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

ரோமானியர்களுக்கு முன்பே இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் என்ற மக்கள் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே குடியேறினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் தப்பே இல்லை. உயரமான இடம், எதிரி எளிதில் ஏற முடியாது, மேலே இருப்பதோ எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லான பாறை, உளி வைத்தால் இணங்கிக் கொடுக்கும், அதனால் நிலவறை, கல்லறை என்று குடைந்து தள்ளினார்கள், ஊருக்கு அடியிலேயே ஒரு சுரங்கப் பாதையும் போகிறது.

சிக்கல் பாறைக்குக் கீழேதான். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது, அது விட்டுப்போன களிமண் மேல்தான் அந்தப் பாறை உட்கார்ந்திருக்கிறது. இருபக்கமும் இரண்டு ஓடைகள், ஒன்றின் பெயருக்குத் தெளிந்த ஓடை என்று பொருள், இன்னொன்றுக்குக் கலங்கிய ஓடை. மழையும் ஓடையும் களிமண்ணை அரிக்க அரிக்க, மேலே பாறை பிடிமானம் இல்லாமல் விளிம்பில் பிளந்து விழுகிறது. வீடுகளும் அதோடு போகின்றன.

1695-இல் வந்த நிலநடுக்கம் பெரிய அடி. கிறிஸ்தவ ஆயரும் (பிஷப்) ஊர் நிர்வாகமும் பக்கத்து மேட்டுக்கு மாறினார்கள், இன்றைய பான்யோரேஜோ அதுதான். பிறகு சிவிட்டா மெல்ல மெல்லக் காலியானது.

இது சாதாரண ஊர் இல்லை, நண்பர்களே! அசிசியின் புனித பிரான்சிஸுடைய வரலாற்றை எழுதிய புனித பொனவெந்தூர் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஊர். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் சொர்க்கத்தைப் பாடும்போது பொனவெந்தூரைப் பேச வைக்கிறார், அவரும் ஊர்ப் பெயரோடுதான் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அவர் பிறந்த வீடோ எப்போதோ பள்ளத்தில் சரிந்துவிட்டது.

இத்தாலியர்கள் இதைச் 'சாகின்ற ஊர்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, ஏனென்றால் இன்றும் கோடையில் அந்தச் சின்னச் சதுக்கத்தில் கழுதைப் பந்தயம் நடக்கிறது, பாறையை இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் வேலையும் நடந்திருக்கிறது, 2013-இல் நுழைவுக் கட்டணம் வைத்த பிறகும் ஆட்கள் லட்சக்கணக்கில் பாலம் ஏறி வருகிறார்கள். சரி, நீங்களும் போனால் ஊர் வாசலைத் தாண்டியதும் நின்று பாருங்கள். ஒரு பழைய மாளிகையின் முகப்புச் சுவர் மட்டும் நிற்கும். அதன் ஜன்னல்களுக்குப் பின்னால் அறை கிடையாது, வானம்தான் தெரியும்.